பட்டம் இல்லாத வழிகாட்டி

பம்பாயின் பெனே இஸ்ரேல் யூதர்களுக்கு நெடுங்காலம் சொந்தமாக ரபி, அதாவது மதகுரு, கிடையாது. தொழுகையை நடத்தியவர்கள் ஹசான் எனும் ஓதுவார்களே, அதுவும் ஆண்கள். அந்தச் சமூகத்தில் 1925-ல் சீர்திருத்தச் சபையைத் தொடங்கியதோ ஒரு பெண்: மகப்பேறு மருத்துவர் ஜெருஷா ஜிராட். லண்டனில் படித்தபோது பழக்கமான லிலி மாண்டேகுவின் பாதிப்பு. 1918-லேயே யூதக் கோயிலில் பிரசங்கம் செய்தவர் லிலி.

இருவருமே ரபி பட்டம் பெறவில்லை. பட்டம் கேட்டுப் போராடிய ரெஜினா ஜோனாசுக்கு 1935-ல் ஜெர்மனியில் அது கிடைத்தது. 1944-ல் ஆஷ்விட்ஸ் முகாமில் அவர் கொல்லப்பட்டார். கூடவே பெயரும் மறந்துபோனது. 1972-ல் அமெரிக்காவின் சாலி பிரிசாண்ட் ரபியானபோது 'முதல் பெண்' என்று அவரைத்தான் கொண்டாடினார்கள். ஜோனாசின் ஆவணங்கள் வெளிச்சத்துக்கு வந்ததே பெர்லின் சுவர் விழுந்த பிறகு.

ஜிராடுக்கு 1966-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. மருத்துவப் பணிக்காக.