அட்டை கொடுத்தால் போதுமா? இதயத்தை யார் பார்ப்பது?

தாம்பரத்துக்குத் தெற்கே எழும்பும் அடுக்குமாடிகளில் ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்கண்ட் தொழிலாளர்களின் உழைப்பு கலந்திருக்கிறது. அவர்களில் பலர் தலித்துகள், ஆதிவாசிகள். வேலைக்கு நடுவே ஒருவர் மூச்சு வாங்கி உட்கார்ந்தால் அவருக்குக் கிடைப்பது மேஸ்திரியின் ஏச்சு, மிஞ்சிப்போனால் இரும்புச்சத்து மாத்திரை. மேற்கு ஒடிசாவும் சத்தீஸ்கரும் சிக்கிள் செல் அனீமியா அதிகம் காணப்படும் பகுதிகள். அதை நினைத்து 'எந்த ஊர்?' என்று கேட்பவர் அரிது.

இந்த நோய் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. நீலகிரி ஆதிவாசிகளிடம் இதற்கான மரபணு இருப்பதை லேமன், கட்புஷ் ஆகிய ஆய்வாளர்கள் 1952இலேயே பதிவு செய்தார்கள். ஒன்றிய அரசின் ஒழிப்பு இயக்கமோ 2023 ஜூலை 1 அன்றுதான் மத்தியப் பிரதேசத்தின் ஷாதோலில் தொடங்கியது. பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது, 2047க்குள் நோயை ஒழிப்பது என்பவை அதன் இலக்குகள். பரிசோதித்தவர்களுக்கு அட்டை தருகிறார்கள். அட்டைக்குப் பிறகு என்ன?

சாதாரண சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். அரிவாள்போல வளைந்த அணு 10 முதல் 20 நாளில் உடைந்துவிடும். உடைந்த அணுவிலிருந்து வெளியேறும் ஹீமோகுளோபின், ரத்தக்குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடை விழுங்குகிறது. நுரையீரல் குழாய்கள் இறுகுகின்றன. ரத்தசோகையை ஈடுகட்ட ஏற்கெனவே கூடுதலாக உழைக்கும் இதயம் வீங்குகிறது. வலி வந்தால் நோயாளி மருத்துவமனைக்கு ஓடுவார். இதயம் கெடுவதோ வெளியே தெரியாமல் நடக்கிறது.

இதைக் காட்டிக்கொடுக்கும் ரத்தக் குறியீடு ஒன்று உண்டு: என்டி-புரோ-பிஎன்பி. இதயச் சுவர் இழுபடும்போது ரத்தத்தில் கலக்கும் புரதத் துண்டு அது. சிக்கிள் செல் உள்ள பெரியவர்களில் இதன் அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 160 பிகோகிராமை எட்டினால் மரண ஆபத்து கூடுகிறது என்று 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. சிறுநீரகம் கெட்டாலும் இது உயரும் என்பதால் எக்கோ போன்ற சோதனைகளும் தேவை. எல்லோருக்கும் வேண்டாம், மூச்சிரைப்பு, கால் வீக்கம் உள்ளவர்களுக்காவது செய்ய வேண்டும். தனியார் பரிசோதனைக் கூடத்தில் இதற்கான கட்டணம் ஒரு சித்தாளின் பல நாள் கூலி.

அரசின் அட்டை அதிகம் பேசுவது திருமணத்தைப் பற்றி. மரபணுவைச் சுமக்கும் இருவர் மணந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர 25 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்பது உண்மை. ஆனால் அந்த இருவரையும் ஒரே சிறு வட்டத்துக்குள் அடைத்து வைத்திருப்பது எது? அகமணமே சாதியின் உயிர்நாடி என்று அம்பேத்கர் 1916இல் சொன்னார். அந்தச் சுவரைத் தொடாமல் ஆதிவாசிப் பெண்ணிடம் மட்டும் 'யாரை மணக்காதே' என்று சொல்வது எளிது. அட்டையே அவளுக்கு இன்னொரு முத்திரையாகிவிடும் ஆபத்தும் உண்டு. ஒழிக்க வேண்டியது நோயை. நோயாளிகள் பிறக்காமல் பார்த்துக்கொள்வதோடு அரசின் கடமை முடிந்துவிடாது.

காசநோய்க்கென்றே உருவான தாம்பரம் சானடோரியம் தொடங்கி குரோம்பேட்டை, செங்கல்பட்டு அரசு மருத்துவமனைகள் வரை நாம் கேட்க வேண்டியவை இவை: ரத்தசோகையோடு வரும் புலம்பெயர் தொழிலாளர்களுக்கு ஹீமோகுளோபின் வகைப் பரிசோதனை, நோய் உறுதியானால் தடையின்றி ஹைட்ராக்ஸியூரியா, மூச்சிரைப்பவர்களுக்கு இதயப் பரிசோதனை, எல்லாம் இலவசமாக, ரேஷன் அட்டை எந்த மாநிலத்தது என்று பார்க்காமல். நம் வீடுகளைக் கட்டுகிறவர்களுக்கு இதைப் பெற்றுத்தருவது சாதி ஒழிப்பு அரசியலின் வேலைதான்.