கையைக் கழுவுங்க டாக்டர்!

இந்த வரியை ஒரு நர்ஸ், பெரிய டாக்டரைப் பார்த்துச் சொல்ல முடியுமா? உங்களுக்குத் தெரிந்த ஏதாவது ஒரு ஆஸ்பத்திரியை நினைத்துக்கொள்ளுங்கள். சொன்ன பிறகு மறுநாளும் அவருக்கு அங்கே வேலை இருக்குமா?

சின்ன விஷயம் மாதிரித் தெரியும். உயிர் போகிற விஷயம்!

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் 2001-ல் இதையே ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டார். ஐ.சி.யூ. நோயாளிகளுக்குப் பெரிய ரத்தக் குழாய்க்குள் ஒரு டியூப் செருகுவார்கள். அதன் வழியே கிருமி ரத்தத்தில் ஏறினால் ஆளையே கொன்றுவிடலாம். அதைத் தடுக்க அவர் எழுதியது ஐந்தே வரி. கையைக் கழுவு. தோலைக் கிருமிநாசினியால் துடை. தொப்பி, மாஸ்க், அங்கி, கையுறை போட்டுக்கொண்டு நோயாளியையும் சுத்தமான துணியால் மூடு. தொடை இடுக்கில் குத்துவதைத் தவிர். தேவை முடிந்ததும் டியூபை எடு.

இதில் டாக்டருக்குத் தெரியாதது எது? ஒன்றுமில்லை. ஆனால் நர்ஸுகளை விட்டுக் கவனிக்கச் சொன்னபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் ஏதோ ஒரு வரி விட்டுப்போயிருந்தது. அதுவும் உலகப் புகழ் பெற்ற ஆஸ்பத்திரியில்!

அடுத்து நடந்ததுதான் புரட்சி. டாக்டர் ஒரு வரியைத் தாண்டினால் 'நிறுத்துங்க' என்று சொல்லும் அதிகாரத்தை நர்ஸுக்கு நிர்வாகமே கொடுத்தது. பிறகு மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஐ.சி.யூ.க்களில் இந்த முறை போனது. ஒன்றரை வருடத்தில் தொற்று 66 சதவிகிதம் வரை குறைந்ததாக 2006-ல் முடிவு வெளியானது. புது மருந்து இல்லை. கோடி ரூபாய் மெஷின் இல்லை.

அப்படியானால் பட்டியலை அச்சடித்துச் சுவரில் ஒட்டினால் போதுமா? போதாது சார்!

ஆபரேஷனுக்கு என்று உலக சுகாதார நிறுவனம் ஒரு பட்டியல் போட்டது. டெல்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்தார்கள். மரணம் 1.5 சதவிகிதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது என்றது 2009-ல் வெளியான ஆய்வு. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் இப்படிப்பட்ட பட்டியல்களைப் பயன்படுத்துவது கட்டாயம் என்று வந்தது. 101 ஆஸ்பத்திரிகளின் கணக்கை 2014-ல் வெளியிட்டார்கள். மரணம் சொல்லிக்கொள்ளும்படி குறையவே இல்லை!

எனக்குப் புரிவது இதுதான். உத்தரவு போட்டால் 'டிக்' அடித்துவிடுவார்கள். தைரியத்தை உத்தரவால் கொண்டுவர முடியாது. 'நர்ஸ் தடுத்தால் டாக்டரின் மரியாதை என்னாவது?' என்பார்கள். மரியாதை போனால் திரும்ப வரும். படுக்கையில் கிடப்பவர் போனால்?

அதனால் லாபியில் பளபளக்கும் கிரானைட்டைப் பார்த்து மயங்காதீர்கள். இரண்டே கேள்வி கேளுங்கள். 'உங்க ஐ.சி.யூ.வுல தொற்றுக் கணக்கு எவ்வளவு? நர்ஸ் நிறுத்தச் சொன்னா டாக்டர் நிறுத்துவாரா?'

இரண்டாவது கேள்விக்குச் சிரிப்புதான் பதில் என்றால், ஜாக்கிரதை!