இந்த அண்ணா யார்?



ஸ்காபரோவில் ஏதோ ஒரு பேஸ்மென்ட் அறையில் இன்றிரவும் ஒரு தம்பியோ தங்கச்சியோ அகதிக் கோரிக்கைப் படிவத்தோடு தனியே குந்தியிருக்கிறார். எழுந்து வாருங்கள். அவருக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போடுங்கள்.

எங்கள் ஆட்களைக் கனடா சும்மா நம்பிவிடவில்லை. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 இலங்கைத் தமிழரை மீன்பிடிக்காரர் கண்டெடுத்தார்கள். இந்தியாவிலிருந்து வந்ததாக அவர்கள் சொன்னார்கள். மேற்கு ஜெர்மனியில் கப்பல் ஏறியது தெரியவந்ததும், பட்ட வதையையும் சேர்த்தே பொய் என்று பேசியவர்கள் பலர். 2010இல் சன் சீ கப்பலில் வந்த 492 பேரும் அதே சந்தேகக் கண்ணைத்தான் சந்தித்தார்கள். வந்த வழியை மாற்றிச் சொல்லச் சொல்லும் ஏஜென்சிக்காரனின் பேச்சை இனியாவது குப்பையில் போடச் சொல்லுங்கள்.

சட்டம் எங்களுக்கு ஒரு கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறது. ஒருவரின் பேச்சை நம்பலாமா என்பதே கேள்வியானால் அவரை நேரில் வைத்துக் கேட்க வேண்டும் என்று 1985 ஏப்ரல் 4இல் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன் பிறகே 1989இல் குடிவரவு அகதிகள் சபை வந்தது. சத்தியம் செய்து சொன்னதை, ஐயப்படக் காரணம் இல்லாதவரை உண்மையென்றே கொள்ள வேண்டும் என்பது மால்டொனாடோ வழக்கின் தீர்ப்பு.

ஐயம் எங்கே முளைக்கிறது? என் விசாரணையைச் சொல்கிறேன். “அண்ணாவைப் பிடிச்சுக்கொண்டு போனவை” என்றேன். சபை உறுப்பினர் படிவத்தைப் புரட்டினார். “உமக்குச் சகோதரர் இல்லை என்றல்லவா எழுதியிருக்கிறீர்?” பெரியம்மாவின் மகன் எனக்கு அண்ணாதான் என்பது யாழ்ப்பாணத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அந்த அறைக்குத் தெரியவில்லை. எனக்கு நா வறண்டு போனது, திக்கினேன், திக்கியதும் சந்தேகமாயிற்று. ஒரு வாரம் முன்னதாக யாராவது என் கதையைக் காதுகொடுத்துக் கேட்டிருந்தால், “இந்த அண்ணா யார்?” என்று அங்கேயே பிடித்திருப்பார்.

“கொழும்பில் போய் இருந்திருக்கலாமே?” இந்தக் கேள்வியும் வரும். இதற்கான அளவுகோலை வகுத்த வழக்குகளின் பெயரே ரசரத்தினம், திருநாவுக்கரசு.  “ஏலாது” என்ற ஒற்றைச் சொல் விசாரணையில் காணாது. கொழும்பிலும் தேடி வருவார்களா, அங்கே போய் வாழச் சொல்வது நியாயமா, இரண்டுக்கும் விடை வேண்டும்.

கதை கட்டிக் கொடுக்க யாரும் வர வேண்டாம். அந்தத் தொழில் செய்பவர்கள் ஏற்கெனவே போதுமான ஆட்களைக் கெடுத்துவிட்டார்கள்.

இந்தச் சனிக்கிழமையே தொடங்குவோம். ஒருவரின் கதையை முதலிலிருந்து முடிவுவரை, இடையில் வாய் திறக்காமல் கேளுங்கள். பிறகு படிவத்தை எடுத்து அண்ணா, மாமா, மச்சான் வரும் இடமெல்லாம் கோடு போடுங்கள். பிழை கண்டால் லோயரிடம் கொண்டுபோங்கள். கிராம சேவகர் கடிதம், செஞ்சிலுவைச் சங்க அட்டை, ஆஸ்பத்திரித் துண்டு எதுவானாலும் மொழிபெயர்த்து, மொழிபெயர்த்தவரின் உறுதிமொழியோடு, விசாரணைக்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன் சபையிடம் சேர வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த மங்கல் படத்தை நம்பியிருக்காமல் ஊருக்கு இன்றைக்கே போன் எடுக்கச் சொல்லுங்கள்; அங்கே இப்போது விடிந்திருக்கும்.