முன்பணத்துக்கு முன் ஜெபம்

போளூர்ப் பக்கம் நம் கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றில் நிலம் வாங்கும்போது ஒரு வழக்கம் உண்டு. புரோக்கரிடம் பேசி, முன்பணம் கொடுத்து, பத்திரப் பதிவுக்கு நாள் குறித்த பிறகே போதகரை ஜெபிக்க அழைப்பார்கள். முடிவு நம்முடையது, ஆசீர்வாதம் மட்டும் ஆண்டவருடையது என்ற இந்த வரிசை தவறு. வேதாகமத்தில், தூர தேசத்தார் போல நடித்து வந்த கிபியோனியர் காட்டிய பூசணம் பூத்த அப்பத்தை நம்பி, கர்த்தரைக் கேட்காமலே யோசுவா உடன்படிக்கை செய்தார். ஏமாந்தது மூன்று நாளில் தெரிந்தது. நெகேமியாவோ அரசன் எதிரே நின்றபோதும் ஜெபித்துவிட்டே பதில் சொன்னார். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைக் கண்ட ஐடா ஸ்கடர், ஜெபத்தில்தான் மருத்துவம் படிக்க முடிவெடுத்தார். 1900இல் வேலூரில் அவர் தொடங்கிய பணியே, நம் ஊர் மக்கள் பஸ் ஏறிப் போகும் இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை. அதற்காக, ஜெபித்துவிட்டோம் என்று வில்லங்கச் சான்று பார்க்காமல் இருக்கக் கூடாது; விசாரிப்பதும் நம் கடமையே. ஆனால் கடனோ, வரனோ, கல்லூரியோ, வாக்குக் கொடுக்கும் முன் வீட்டார் கூடி, ‘வேண்டாம்’ என்ற பதிலுக்கும் மனதைத் திறந்து ஜெபிக்க வேண்டும். அன்றாடச் சிறு காரியங்களில் இப்படிக் கேட்டுப் பழகியவர்கள், பெரிய முடிவு வரும் நாளில் தடுமாற மாட்டார்கள்.