தீவகத்துக்கென்று ஒரு வானிலை அறிக்கை வேண்டும்

ஆண்டின் ஐம்பத்திரண்டு வாரங்களில் எமது தீவகத்துக்கு மிக ஆபத்தானது எது என்று கேட்டால், நவம்பரின் கடைசி வாரம் என்றே நான் சொல்வேன். 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பைச் சூறாவளி சிதைத்தது. 2008 நவம்பர் 25 முதல் நிஷா குடாநாட்டையும் வன்னியையும் வெள்ளக்காடாக்கியது. ஏ9 பாதை மூடிக்கிடந்த காலம் அது. வன்னியில் இடம்பெயர்ந்த மக்கள் தறப்பாள் கூடாரங்களுக்குள் அந்த மழையைக் கழித்தார்கள். 2024 இல் நவம்பர் 26 அளவில் வெள்ளம் வந்தது. 2025 நவம்பர் 28 இல் டித்வா கிழக்குக் கரையால் நுழைந்து, நாடு முழுவதும் 600 இற்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. புரெவி மட்டும் சில நாள் பிந்தி, 2020 டிசம்பர் 2 இரவு கரையேறியது. நினைவேந்தலுக்குரிய வாரமும் இதுவே. நவம்பர் 27 மாலைகளில் மழைக்குள் கைகளால் மறைத்துச் சுடர் ஏற்றியவர்கள் நம்மில் பலர்.

இந்தத் திகதிகள் ஒன்றுகூடுவது தற்செயல் அல்ல. ஒக்ரோபரில் வங்கக் கடலில் உருவாகும் தாழமுக்கங்களில் பல வடக்கே ஆந்திரா, ஒடிசா பக்கம் போகின்றன. நவம்பர் நடுப்பகுதிக்குப் பின் அவை உருவாகும் வலயம் தெற்கே இறங்குகிறது. அப்போது அவற்றின் மேற்கு நோக்கிய பாதையில் நிற்பவை இலங்கையும் தமிழ்நாட்டின் தென்கரையும்தான். ஆகவே வாரத்தை முன்கூட்டியே சொல்லிவிடலாம். நாள், இடம், அளவு ஆகியவற்றைத்தான் அறிக்கை சொல்ல வேண்டும்.

அந்த அறிக்கை தீவகத்துக்கு என்ன சொல்கிறது? கடலுக்கான முன்னறிவிப்பில் நாம் வழக்கமாகக் கேட்பது, 'காங்கேசன்துறையிலிருந்து மன்னார் ஊடாகப் புத்தளம் வரையான கடற்பரப்பு' என்ற ஒரே வரி. காங்கேசன்துறைக்கும் புத்தளத்துக்கும் இடையே நேர்கோட்டிலேயே ஏறத்தாழ 200 கிலோமீற்றர். குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கு ஒரு சிறிய ஓட்டம். நெடுந்தீவுக்கோ ஏறத்தாழ ஒரு மணிநேரம் திறந்த கடல். அனலைதீவுக்காரரும் எழுவைதீவுக்காரரும் ஊர்காவற்றுறைப் பக்கத்தை நம்பியிருக்கிறார்கள். வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் தாம்போதி இருக்கிறது. அங்கே கேள்வி படகு அல்ல, வீதி. இத்தனை பேருக்கும் ஒரே வரி போதாது.

தீவில் பிறந்தவன் என்பதால் சொல்கிறேன்: எங்களுக்கு மழையின் மில்லிமீற்றரைவிடக் காற்றின் திசை முக்கியம். வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று எங்கள் முன்னோர் காற்றுக்குப் பெயர் வைத்தது அதனால்தான். சூறாவளியின் மையம் எமக்குக் கிழக்கே வடக்கு நோக்கி நகர்ந்தால், காற்று வடகிழக்கிலிருந்து வடக்குக்கும் பின்னர் வடமேற்குக்கும் திரும்பும். புரெவியைப்போல மன்னார்ப் பக்கமாகத் தெற்கால் போனால், வடகிழக்கிலிருந்து கிழக்குக்கும் தென்கிழக்குக்கும் மாறும். நேற்று ஒதுக்கமாக இருந்த கரையில் கட்டிய வள்ளம் இன்று அலைக்கு நேரே நிற்கும். 'காற்று மணிக்கு 60 கிலோமீற்றர்' என்ற அறிவித்தலில், அது எப்போது எந்தப் பக்கம் திரும்பும் என்பது இல்லாவிட்டால் கடற்றொழிலாளிக்குப் பாதி அறிக்கைதான் கிடைக்கிறது.

பெயரை நம்பியிருப்பதும் ஆபத்து. 2024 இல் இலங்கையை வெள்ளத்தில் ஆழ்த்தியபோது அதற்குப் பெயரே இல்லை. அது ஒரு தாழமுக்கம் மட்டும். இலங்கைக் கரையைக் கடந்து தமிழ்நாட்டுப் பக்கம் சென்றபின், நவம்பர் 29 இல்தான் பெங்கல் என்ற பெயர் கிடைத்தது. பெயர் வைப்பது காற்றின் வேகத்தைப் பார்த்து. ஆனால் பெரும்பாலும் எம்மைக் கொல்வது நீர். அந்த வெள்ளம் வடிந்தபின் டிசம்பரில் எலிக்காய்ச்சல் யாழ்ப்பாணத்தில் உயிர்களைப் பறித்ததையும் மறக்கக் கூடாது.

மொழிக்கு வருவோம். 1987 இன் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழி. ஆனாலும் தமிழில் எச்சரிக்கைகள் பிந்தியும் குறைந்தும் வந்தன என்ற விமர்சனம் டித்வாவின் பின் பலமாக எழுந்தது. அந்த இடைவெளியை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியற்றுறையைச் சேர்ந்த நாகமுத்து பிரதீபராஜா போன்றவர்களின் தமிழ்ப் பதிவுகள் நிரப்பி வருகின்றன. அது நன்றிக்குரியது. ஆனால் ஓர் அரசின் கடமை தனிமனிதரின் உழைப்பில் தங்கியிருக்கக் கூடாது.

இதற்கெல்லாம் அடியில் இன்னொன்று இருக்கிறது. அதைக் கொழும்பு அலுவலகங்கள் எளிதில் விளங்கிக்கொள்வதில்லை. 'பாதுகாப்பான இடத்துக்குச் செல்லுங்கள்' என்ற வாக்கியத்தை எம்மக்கள் முதன்முதலில் கேட்டது வானிலை அறிக்கையில் அல்ல. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து சில நாட்களுக்கென்று வெளியேறியவர்களில் பலர் இருபது, முப்பது ஆண்டுகளாக வீடு காணவில்லை. தீவகமும் 1990, 91 இல் அப்படித்தான் வெறுமையானது. கடலுக்குப் போகலாமா என்பதையும் பல ஆண்டுகள் காற்று தீர்மானிக்கவில்லை. கடற்படையின் அனுமதிதான் தீர்மானித்தது. அப்படி வாழ்ந்த முதியவர் ஒருவர் வீட்டைவிட்டு இறங்க மறுத்தால் அதை அறியாமை என்று சொல்ல என்னால் முடியாது. அவருக்குத் தேவை கட்டளை அல்ல, காரணம். என்ன வருகிறது, எத்தனை மணிக்கு வருகிறது, எப்போது திரும்பி வரலாம்: மூன்றையும் சொன்னால் அவர் எழுந்து வருவார்.

ஆகவே கேட்பது பெரிதல்ல. ஒக்ரோபர் தொடக்கம் டிசம்பர் வரை தீவகத்துக்கென ஒரு தனி வாரக் கண்ணோட்டம், தமிழில், ஏனைய மொழிகளோடு அதே நேரத்தில் வெளிவர வேண்டும். அதில் காற்றுத் திரும்பும் நேரமும், மறுநாள் எந்தத் துறையிலிருந்து படகு ஓடும் என்பதும் முதல்நாள் மாலைக்குள் இருக்க வேண்டும். வளிமண்டலவியல் திணைக்களம் எழுதுவதை நெடுந்தீவு, வேலணை, ஊர்காவற்றுறைப் பிரதேச செயலகங்கள் இறங்குதுறையிலும் கோயில் ஒலிபெருக்கியிலும் சேர்க்கலாம். நெடுந்தீவு வைத்தியசாலையில் இருக்கும் கர்ப்பிணித் தாயை யாழ்ப்பாணத்துக்கு இன்றே அனுப்புவதா, நாளை வரை பொறுப்பதா என்ற முடிவு அந்த மாலை அறிவித்தலில்தான் தங்கியிருக்கிறது.

மழையை வெறுப்பவர்கள் அல்லர் நாங்கள். ஆறில்லாத சுண்ணாம்புக்கல் தீவுகளில் கிணறு உவர்க்காமல் இருப்பது இந்த மூன்று மாத மழையால்தான். வருகிற தண்ணீரை வரவேற்கவும் வேண்டும், அதற்கு வழிவிட்டு ஒதுங்கவும் வேண்டும். எந்த நாளில் எதைச் செய்வது என்று எங்கள் மொழியில், நேரத்தோடு சொல்லுங்கள்.