பார்க்க யார் வந்தார்கள்?

இதை எழுதக் கூடாது என்று எனக்குச் சொல்லியனுப்பினார்கள். “எழுதினா அடுத்த கண்காட்சியில உங்க பேரு இருக்காது டீச்சர்.” இல்லாமல் போகட்டும். இத்தனை வருடம் கண்காட்சிப் பட்டியலில் என் பேர் இருந்ததே, அதை யார் படித்தார்கள்? அந்தப் பேரைப் படித்துவிட்டு யார் என் வீட்டுக் கதவைத் தட்டினார்கள்?

நான் படம் வரைகிறவள். கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்தேன். 2012-ல் அரசுப் பள்ளிகளுக்குப் பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தபோது ஓவிய ஆசிரியையாகச் சேர்ந்தேன். வாரத்துக்கு மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். அது 7,700 ஆனபோது பெரிய உயர்வு என்று சொல்லிக்கொண்டோம். அப்போது மே மாதம் அதுவும் கிடையாது. அந்தச் சம்பளத்தில் வீட்டு வாடகையும் கொடுத்து, கேன்வாஸும் வாங்கி, அக்ரிலிக் டியூபும் வாங்கி வரைவது என்றால் என்ன என்று வரைகிறவர்களுக்குத் தெரியும். வெள்ளை டியூப்தான் முதலில் தீரும். அது தீர்ந்துவிட்டால் அடுத்த சம்பளம் வரைக்கும் வெளிச்சமே இல்லாத படமாகத்தான் வரைய வேண்டும். வரைந்தேன். பீரோவுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், சமையலறைப் பரண்மேல் என்று படங்கள் சேர்ந்துகொண்டே போயின. வருகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: “நல்லாத்தாம்மா இருக்கு, இதை யாரு பாக்கப் போறா?”

அந்தக் கேள்வி என்னை அரித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அவர்கள் வந்தார்கள். ஓவியர்களுக்கான அமைப்பு. உறுப்பினராகச் சேர்ந்தால் வருடத்துக்கு இரண்டு கண்காட்சி, சென்னையில் ஒன்று, வெளிமாநிலத்தில் ஒன்று. கேலரிக்காரர்கள் வருவார்கள், சேகரிப்பவர்கள் வருவார்கள், பத்திரிகையில் வரும், எக்ஸ்போஷர் கிடைக்கும். “தனியா வரைஞ்சா தனியாத்தான் சாகணும் டீச்சர். சோழமண்டலத்துல ஓவியருங்க என்ன பண்ணாங்க? ஒண்ணு சேர்ந்தாங்க. நாமளும் ஒரு குடும்பமா இருப்போம்” என்றார் அமைப்பாளர். குடும்பம் என்ற அந்த வார்த்தைக்கு நான் எத்தனை காலமாக ஏங்கியிருந்தேன் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சந்தா வருடத்துக்கு 3,000 ரூபாய். சேர்ந்த பிறகுதான் மற்றவை ஒவ்வொன்றாக வந்தன. கண்காட்சியில் ஒரு படம் மாட்ட 2,500. பட்டியல் புத்தகத்தில் பேரும் படமும் வர 1,500. ஃபிரேம் நம் செலவு. படத்தை ஊரிலிருந்து கொண்டுபோய்ச் சேர்ப்பதும் நம் செலவு. படம் விற்றால் அதில் முப்பது சதவீதம் அவர்களுக்கு. முதல் கண்காட்சி மே மாதம் வந்தது. சம்பளம் இல்லாத மாதம். அம்மா தன் தோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். “உம் படத்தை நாலு பேரு பாக்கட்டும், தோடு எங்க போயிடப் போவுது” என்றாள். அந்தத் தோடு அடகுக் கடையிலேயே மூழ்கிப் போயிற்று.

நான் கொண்டுபோன படம் அம்மாதான். நெல் அவிக்கிற அண்டாவுக்கு முன்னால் குந்தியிருக்கிறாள். புகை அவள் முகத்துக்கு முன்னால் எழும்புகிறது. புகைக்குப் பின்னால் இருக்கிற முகத்தைக் கொண்டுவர, தண்ணீராகக் கரைத்த சாம்பல் நிறத்தைப் பூச்சுமேல் பூச்சாக, ஒன்று காய்ந்த பிறகு ஒன்று என்று ராத்திரி ராத்திரியாகப் போட்டேன். அம்மாவும் கண்காட்சிக்கு வந்தாள். பட்டுப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தாள்.

தலைமை விருந்தினர் வந்தார். குத்துவிளக்கு ஏற்றினார். சால்வை, ஷீல்டு, குழுப் படம். முன்வரிசைச் சுவரோடு திரும்பிப் போய்விட்டார். என் படம் உள்ளே, கழிப்பறைக்குப் போகிற வழியில் மாட்டியிருந்தது. மேலே விளக்கு இல்லை. கேட்டதற்கு, விளக்குள்ள சுவருக்குத் தனிக் கட்டணம், நீங்கள் கட்டவில்லை என்றார்கள். மறுநாளிலிருந்து நானும் அம்மாவும் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். யார் வந்தார்கள் தெரியுமா? என்னைப் போலவே காசு கட்டியவர்கள். அவர்களுடைய மனைவிமார், கணவன்மார், பிள்ளைகள். அவரவர் படத்துக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். என் படத்தை அவர்கள் பார்த்தார்கள், அவர்கள் படத்தை நான் பார்த்தேன். எங்களில் யாரிடமும் அடுத்தவர் படத்தை வாங்கக் காசு இல்லை. கேலரிக்காரர் எங்கே? சேகரிப்பவர் எங்கே? யாருக்காவது அழைப்பிதழ் போயிற்றா? போயிருந்தால் அந்தப் பட்டியலைக் காட்டச் சொல்லி நான் கேட்டபோது ஏன் முகம் மாறியது?

யோசித்துப் பாருங்கள். நூறு பேர் சேர்ந்தால் சந்தா மட்டும் 3 லட்சம் ரூபாய். மாட்டுகிற காசு, புத்தகக் காசு எல்லாம் அதற்கு மேல். ஒரே ஒரு படம்கூட விற்காமல் அவ்வளவு பணம் வந்துவிடுகிறது. பிறகு எதற்காக அவர்கள் வாங்குகிறவரைத் தேடிப் போக வேண்டும்? அமைப்பாளர் அந்த முப்பது சதவீதத்தை நம்பிப் பிழைக்கிறவராக இருந்தால் என் படத்துக்கு மேல் ஒரு விளக்காவது போட்டிருப்பார். அவருக்கு வாடிக்கையாளரே நாங்கள்தான். எங்கள் ஏக்கத்தைத்தான் அவர் எங்களுக்கே விற்றார்.

படம் திரும்பி வந்தது. வரிசை எண் எழுதிய டேப்பைப் பின்பக்கம் ஒட்டாமல் முகப்பிலேயே ஒட்டியிருக்கிறார்கள். அதைப் பிய்த்து எடுத்ததில் அம்மாவின் கன்னத்துப் பூச்சும் சேர்ந்து வந்துவிட்டது. உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைத் துணி தெரிகிறது. அம்மா அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். போன் செய்தால், “சின்ன டேமேஜ்தானே, நீங்களே டச் பண்ணிக்குங்க” என்றார்கள். எப்படித் தொடுவது? அத்தனை ராத்திரியை யார் எனக்குத் திருப்பித் தருவார்கள்?

அதோடு விட்டார்களா? அடுத்த தை மாதம் அமைப்புக்கு நன்கொடை கொடுக்கிற ஒருவருடைய காலண்டரில் அதே படம். என் பேர் இல்லை. என்னைக் கேட்கவும் இல்லை. பட்டியலுக்கு என்று நான் கொடுத்த போட்டோவை எடுத்து அச்சடித்திருக்கிறார்கள். 1957-ம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்தில் எழுதிக் கொடுக்காதவரை அந்த உரிமை வரைந்தவருடையது. படத்தையே விற்றுவிட்டாலும், இது நான் வரைந்தது என்று சொல்லிக்கொள்ளும் உரிமை வரைந்தவரிடமே இருக்கிறது. சட்டம் இருக்கிறது, சரி. டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்த தன் சுவர்ச் சிற்பத்தைப் பெயர்த்துச் சிதைத்ததற்காக அமர்நாத் சேகல் 1992-ல் அரசாங்கத்தின் மீதே வழக்குப் போட்டார். தீர்ப்பு வந்தது 2005-ல். அவர் பெயர்பெற்ற சிற்பி. நெல் அவிக்கிறவளின் மகள் எந்த வக்கீலிடம் போவாள்? எத்தனை வருடம் தாங்குவாள்?

2020 வந்தது. ஊரடங்கு. எங்கள் குடும்பம் என்று சொன்னவர்களிடமிருந்து, சாப்பிட்டீர்களா என்று ஒரு வார்த்தை வந்ததா? ஓவிய வகுப்பு எடுத்துப் பிழைத்த எங்கள் உறுப்பினர் ஒருவர் வீட்டு வாடகை கொடுக்க முடியாமல் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார். அவருக்கும் எனக்கும் வந்தது சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல். கூடவே இணையவழிக் கண்காட்சி, ஒரு படத்துக்கு 500 ரூபாய், மின்சான்றிதழ் உண்டு. சான்றிதழைக் கொண்டுபோனால் ரேஷன் கடையில் என்ன தருவார்கள்? இதை அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். அன்று சாயங்காலமே என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். அத்தனை பேர் இருந்த குழுவில், ஏன் நீக்கினீர்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதுதான் இன்றுவரை எனக்கு ஆறாத வலி.

சோழமண்டலத்தின் பேரை வைத்துத்தானே எங்களைக் கூப்பிட்டீர்கள்? அங்கே நடந்தது என்ன என்று தெரியுமா உங்களுக்கு? 1966-ல் கே.சி.எஸ். பணிக்கர் தன் மாணவர்களையும் சக ஓவியர்களையும் சேர்த்துக்கொண்டு அந்த ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார். அவர்கள் ஓவியத்தோடு பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் இஞ்சம்பாக்கத்தில் கடலோரம் நிலம் வாங்கி, வீடு கட்டி, வரையவும் காட்டவும் தங்களுக்கென்று ஓர் இடம் உண்டாக்கிக்கொண்டார்கள். பம்பாயில் 1947-ல் ஓவியர்கள் சூசாவும் ரஜாவும் ஆராவும் குழுவாகச் சேர்ந்தபோது, ஒரு காலத்தில் சினிமா விளம்பரப் பலகை வரைந்து பிழைத்த ஹுசைனையும் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். ஒன்று சேர்ந்தால் வெளிச்சம் வரும் என்பது பொய்யில்லை. அங்கே சேர்ந்தவர்கள் வரைகிறவர்கள், நடத்தியவர்களும் வரைகிறவர்கள். அவர்களுடைய உழைப்பு விற்றது, அந்தப் பணம் அவர்களுக்கே நிலமாக நின்றது. எங்கள் பணம் எங்கே நிற்கிறது? யாருடைய வீடாக நிற்கிறது?

பெரிய ஓவியர்களே, உங்களையும் கேட்கிறேன். அழைப்பிதழில் உங்கள் போட்டோவைப் பார்த்துத்தான் நாங்கள் காசு கட்டுகிறோம். விளக்கேற்ற ஒப்புக்கொள்ளும் முன், இந்தப் பிள்ளைகளிடம் எவ்வளவு வாங்கினீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? நீங்களும் ஒரு காலத்தில் சுவர் தேடி அலைந்தவர்கள்தானே?

போன வாரம் என் பழைய மாணவி வந்தாள். கவின் கலைக் கல்லூரியில் படிக்கிறாள். அப்பா மூட்டை தூக்குகிறவர். கையில் அதே அமைப்பின் விண்ணப்பம். சந்தா இப்போது ஏறியிருக்கிறது. “சேரலாமா டீச்சர்? எக்ஸ்போஷர் கிடைக்குமாமே?” என்று கேட்டாள். அவள் கண்ணைப் பார்த்த பிறகு என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

அமைப்பாளரே, உங்கள் பேரை நான் இங்கே எழுதவில்லை. உங்களுடையது பதிவு பெற்ற சங்கம். 1975-ம் வருடத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்ட வேண்டும், தணிக்கை செய்த கணக்கைக் காட்ட வேண்டும். கூட்டுங்கள். எவ்வளவு வாங்கினீர்கள், எத்தனை படம் விற்றீர்கள், யாருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று எங்கள் முகத்துக்கு நேரே படியுங்கள்.

இதைப் படிக்கிறவர்களே, உங்கள் ஊரில் ஓவியக் கண்காட்சி நடந்தால் திறப்பு விழாவுக்குப் போகாவிட்டாலும் பரவாயில்லை, மறுநாள் போங்கள். கடைசிச் சுவர் வரைக்கும் போங்கள். அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரிடம், இந்த இடத்துக்கு எவ்வளவு கட்டினீர்கள் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு நடத்துகிறவரிடம் போய்க் கணக்குக் கேளுங்கள். நாங்கள் கேட்டால் எங்களை நீக்கிவிடுகிறார்கள். உங்களை நீக்க முடியாது.