ஏழையின் பக்கம் எவர் நிற்பது?

உரிமையியல் மன்றத்திலே பேசுவது பத்திரம். எவர் கூற்று ஏற்கத்தக்கதோ, அவர் பக்கம் தராசு சாயும். குற்றவியல் மன்றத்திலோ, நியாயமான ஐயம் எழுந்தாலே விடுதலை! அந்த ஐயத்தை எழுப்பும் கருவிதான் குறுக்கு விசாரணை. வழக்காடி முதிர்ந்தோர் அறிந்த உண்மை இது.

1944-இல் லட்சுமிகாந்தன் கொலையுண்டான். தியாகராஜ பாகவதரையும் கலைவாணரையும் 1945-இல் ஜூரிகள் குற்றவாளிகள் என்றனர், உயர்நீதிமன்றமும் ஆமென்றது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் சென்று திரும்பியது. 1947-இல் அதே உயர்நீதிமன்றம் விடுதலை வழங்கிற்று! சாட்சியம் மாறவில்லை, அதைத் துருவிய கண் மாறிற்று.

கலைச்செல்வர்கட்குக் கடல்கடந்து முறையிட வாய்ப்பிருந்தது. கூலிக்காரக் குப்பனுக்கு? 1976-இல் அரசியல் சட்டத்திலே 39-அ பிரிவு சேர்ந்தது. 1987-இல் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் பிறந்தது. ஏட்டிலே உரிமை இருக்கிறது, வரவேற்கிறோம். ஆனால், விசாரணை மன்றத்திலே கேட்கத் தவறிய கேள்வியை மேல்மன்றத்திலே சாட்சியிடம் கேட்பது எளிதோ? வழக்குக் கட்டைப் படித்து, சாட்சியைத் துளைத்திடும் ஆற்றலுடைய வழக்கறிஞர் முதல் நாளே அவனருகே நின்றாகவேண்டும்; அவருக்கு உரிய ஊதியத்தை அரசு தந்தாகவேண்டும். இலவச உதவிதானே, அரைகுறை வாதம் போதுமென்று எண்ணலாகாது. பிந்தி வரும் விடுதலை, சிறையிலே கழிந்த ஆண்டுகளைத் திருப்பித் தருவதில்லை!